தகடு மேல வெயிலு, தொட்டியில தண்ணி இல்ல

சோலார் போட்டிருக்கோம்னு யார்கிட்ட சொன்னாலும் அடுத்து வர்ற கேள்வி ஒன்னுதான், "எத்தன கிலோவாட்டு?" மூணுன்னு சொன்னா "ம், நாங்களும் மூணுதான்"னு ஒரு தலையாட்டு, அதோட அந்தப் பேச்சு முடிஞ்சிரும், அப்பறம் தேங்கா வெல, மாமியாரோட கண் ஆபரேஷன்னு வேற பக்கம் போயிரும். பட்டுக்கோட்டையிலேர்ந்து பேராவூரணி போற ரோட்டுல கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு எங்க ஊரு. எங்க தெருவுல நாலு மொட்டமாடியில சோலார் இருக்கு, நாலும் மூணு கிலோவாட்டு. ஒரு வீட்டுல வயசான ரெண்டே பேரு, ஒரு ரூம்ல ஃபேன் ஓடினா இன்னொரு ரூம்ல லைட்ட அமத்துற ஆளுங்க. இன்னொரு வீட்டுல ஏழு பேரு, ரெண்டு ஏசி, பின்னாடி வெல்டிங் பட்டறை எதாச்சும் ஓடுதான்னு கேக்கற அளவுக்கு பில்லு வரும். இந்த ரெண்டு வீட்டுக்கும் ஒரே சைஸ் செருப்பு எப்படிப் பொருந்தும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு உறுத்தல், அந்த நாலுல ஒன்னு எங்க வீடுங்கிறதால கூடுதலாவே உறுத்தல்.

காரணம் ஒன்னும் ரகசியமில்ல. 2024 பிப்ரவரியில வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்துல முதல் ரெண்டு கிலோவாட்டுக்கு தலா 30,000 ரூவா, மூணாவதுக்கு 18,000, ஆக 78,000 மானியம், அதுக்கு மேல எத்தன போட்டாலும் அதே 78,000தான். மானியம் எங்க நிக்குதோ அங்கயே எல்லாரோட கணக்கும் நின்னுருச்சு. வீட்டுல எந்த மெஷின் எந்நேரம் ஓடுதுன்னு ஒருத்தரும் பாக்கல, நானும் பாக்கல. இல்ல, பொய் சொல்லக்கூடாது, நான் பாத்தேன், பாதி பாத்தேன்.

அம்மா, தம்பி, தம்பி பொண்டாட்டி, பசங்க ரெண்டு பேரு, இதான் ஊரு வீடு, நான் சென்னையில. ரெண்டு மாசத்துக்கு மழக்காலத்துல 380 யூனிட்டு கிட்ட வரும், ஏசி ஓடுற சித்திரை வைகாசியில 620 வரைக்கும் போவும். 500 தாண்டினா என்னாவும்னு பில்லு கட்டுற எல்லாருக்கும் தெரியும், மேல ஓடுற யூனிட்டு எட்டு ரூவாய்க்கு மேல, அதோட கீழ்ப்படியில இருந்த சலுகையும் கையவிட்டுப் போயிரும். நம்ம பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாட்டு நாளைக்கு நாலு யூனிட்டு குடுக்கும்னுதான் எல்லாரும் கணக்குப் போடுவாங்க, அப்ப ரெண்டு மாசத்துக்கு 240, ரெண்டு கிலோவாட்டு போட்டா 480. மோசமான மாசத்தோட 620ல அதக் கழிச்சா 140, முதல் 100 எப்படியும் இலவசம், மிச்சத்துக்கு டீக்காசு. ரெண்டே போதும்னு பேப்பர்ல எழுதிக் காட்டினேன். கம்பெனியிலேர்ந்து வந்த பையன் அத வாங்கிக்கூட பாக்கல, "சார் மூணு போட்டீங்கன்னா ரெண்டு ஏசி ஓடும் சார், பின்னாடி தேவப்படும்"னான். இருக்கிறதே ஒரு ஏசி. ஆனா அந்த "பின்னாடி தேவப்படும்"க்கு நம்மாளுங்ககிட்ட இருக்கிற மவுசே தனி, மேல மாடி எழுப்பவே மாட்டோம்னு தெரிஞ்சும் தூண்ல கம்பிய நீட்டி விட்டு வீடு கட்டுற ஊருதானே நம்ம ஊரு. தம்பியும் "மூணே போட்ருவோம்ணே"ன்னான். 540 வாட்டு சோலார் பலகை ஆறு, பலகையில வர்ற கரண்ட வீட்டு கரண்டா மாத்துற மூணு கிலோவாட்டு இன்வெர்ட்டர், பேட்டரி கெடையாது, மானியம் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு லட்சத்துக்குப் பக்கம். 2024 ஆகஸ்ட்ல மீட்டர் மாத்தி ஓட ஆரம்பிச்சுச்சு, அடுத்த பில்லு கிட்டத்தட்ட பூஜ்யம். சென்னையில உக்காந்து செல்போன் ஆப்ல அந்தப் பச்சக் கோடு காலையில ஏறி சாயங்காலம் எறங்குறதப் பாக்குறது எனக்கு ஒரு போதையாவே ஆயிருச்சு, ஆபீஸ் மீட்டிங்குல கூட எடுத்துப் பாப்பேன்.

கஜா புயலுக்காகத்தான போட்டோம்

அந்த நவம்பர் கடைசியில டெல்டா பூரா அடைமழை. அக்கா மக காதுகுத்துக்கு நான் ஊருக்கு வந்திருந்தேன். புதன்கிழம ராத்திரி கெழக்கால பக்கம் ஒரு போஸ்ட் சாஞ்சு லைன் அறுந்துருச்சு, கரண்டு போச்சு. வீட்டு யூபிஎஸ் ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஃபேன ஓட்டிட்டு கீச்சுகீச்சுன்னு கத்திட்டு அடங்கிருச்சு. வியாழன் முழுக்க மழ, சரி, மழையில சோலார் என்ன பண்ணும்னு யாரும் எதுவும் கேக்கல. வெள்ளிக்கிழம காலையில வெளுத்துச்சு பாருங்க, அடைமழைக்கு அப்பறம் வர்ற வெயிலு எப்படி இருக்கும், தூசு தும்பு இல்லாம கழுவி விட்ட வெயிலு, மாடியில ஆறு பலகையும் கண்ணாடி மாதிரி பளபளன்னு. மழத்தண்ணி ஓடி சூடும் இல்ல, சோலாருக்கு இதவிட நல்ல நாளே கெடையாது. கீழ இன்வெர்ட்டர் பொட்டியில மட்டும் ஒரு செவப்பு லைட்டு எரியிது, ஒரு யூனிட்டு கூட ஓடல.

எனக்கு இது தெரியாமலா போச்சு, தெரியும். ஆன்கிரிட் சோலாருன்னா, அதாவது ஈபி லைனோட கோத்து ஓடுற சோலாருன்னா, லைன்ல கரண்டு இல்லேன்னா அதுவும் நின்னுரும், நிக்கணும். லைன்மேன் கரண்டு இல்லேன்னு நம்பித்தான் போஸ்ட்ல ஏறுவாரு, நம்ம மாடியிலேர்ந்து கரண்டு பின்னால போயி அவரு கையில அடிக்கக் கூடாது, அதுக்காகவே அந்த மெஷின அப்படித்தான் செஞ்சிருக்காங்க. அதோட அந்த இன்வெர்ட்டருக்கு சொந்தமா தாளம் போடத் தெரியாது, ஈபியோட வோல்ட்டையும் ஃபிரீக்வென்சியையும் கேட்டு அது கூடவே பாடுற பின்பாட்டு மட்டுந்தான். படிச்சிருக்கேன், வீடியோ பாத்திருக்கேன், நாலு பேருக்கு சொல்லியும் குடுத்திருக்கேன். ஆனா வீட்டுல சொல்லல. சொல்லணும்னே தோணல, ஏன்னா என் மண்டையில சோலாருன்னா பில்லு.

தொட்டியில தண்ணி வியாழக்கெழமையே காலி. அம்மா அடிபம்புக்கு போயி ரெண்டு கொடம் கொண்டாந்து வெச்சாங்க, மூட்டுவலியோட, நான் கையில வாங்கப் போனதுக்கு குடுக்கல. மூணாவது நடைக்கு கொடத்த எடுத்துக்கிட்டு வாசப்படியில நின்னு மாடிய ஒருவாட்டி நிமிந்து பாத்துட்டு, கோவமெல்லாம் இல்ல, நெசமாவே புரியாத மாதிரிதான் என்கிட்ட கேட்டாங்க, "ஏண்டா தம்பி, கஜாவுக்கு அப்பறம் இப்பிடி தவிக்கக் கூடாதுன்னுதான இத்தன காசு போட்டு தகடு வெச்சோம். மேல வெயிலு காயுது, கீழ மோட்டார் ஓட மாட்டேங்குது. அப்ப எதுக்குடா வெச்சோம்?"

2018 நவம்பர் 16 விடியக்காலம் அந்தப் புயல் அடிச்சது எங்க பக்கத்து ஆளுங்களுக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்ல. அன்னிக்கு நான் சென்னையில, ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்து சேந்தேன். எங்க தெருவுக்கு கரண்டு வர இருவது நாளுக்கு மேல ஆச்சு. அப்ப அப்பா இருந்தாரு. குட்டி யானையில ஜெனரேட்டர ஏத்திக்கிட்டு தெருத்தெருவா வருவாங்க, மணிக்கணக்குல வாடக, மோட்டாரப் போட்டு தொட்டிய ரொப்பிக்கிட்டு அடுத்த வீட்டுக்கு விடணும், அந்த வண்டிக்காக ராத்திரி பத்து மணி வரைக்கும் வாசல்ல காத்திருந்த ஆளு அம்மா. ஆக சோலாருன்னு பேச்செடுத்தப்ப அம்மா உடனே சரின்னது இந்த ஜெனரேட்டர் வண்டிய மனசுல வெச்சு, நான் போட்டது 500 யூனிட்டுப் படிய மனசுல வெச்சு. ஒரே வார்த்தைய ரெண்டு பேரும் ஒரு வருசமா பேசியிருக்கோம், ரெண்டு வேற விஷயத்த. பில்லுக்குப் பாத்தா ஒரு கிலோவாட்டு அதிகம், அம்மாவுக்கு வேண்டிய விஷயத்துக்கு வெறும் பூஜ்யம், இதுதான் ரெண்டு லட்சத்துக்கு நான் எடுத்த அளவு.

அன்னிக்கு சாயங்காலம் கரண்டு வந்துருச்சு. கேள்வி மட்டும் போகல.

செவப்பு லைட்ட எண்ணின ராத்திரி

காதுகுத்து முடிஞ்சு ரெண்டு நாள் லீவு மிச்சம் இருந்துச்சு. ஈபி போனாலும் பேட்டரிய வெச்சு ஓடுற ஒரு ஹைபிரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் போட்டா என்னன்னு வெசாரிச்சேன், "எவ்வளவு லோடு சார்?"னு கேட்டாங்க. தெரியல. ஒரு மெஷின் பின்னாடி ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல ஒரு வாட்டு இருக்கு, அது நெசமா எவ்வளவு இழுக்குதுன்னு யாருக்குத் தெரியும். அப்ப தம்பிதான் சொன்னான், மீட்டர்ல செவப்பு லைட்டு மினுக்குதுல்ல, அத எண்ணினா தெரியும்ணேன்னு. ஐடிஐ படிச்சவன், இத்தன நாளா சொல்லாம வெச்சிருந்திருக்கான் பாருங்க.

உங்க வீட்டு மீட்டர் முகப்புலயும் இருக்கும், 3200 இம்ப்னு ஒரு நம்பர், சிலதுல 1600ன்னு இருக்கும். ஒரு யூனிட்டு ஓடுறதுக்குள்ள அந்த லைட்டு 3200 வாட்டி மினுக்கும்னு அர்த்தம். அப்ப ஒரு நிமிஷத்துல எத்தன வாட்டி மினுக்குதுன்னு எண்ணி அத 18.75ஆல பெருக்கினா அந்த நேரத்துல வீடு எத்தன வாட்டு இழுக்குதுன்னு வந்துரும். சோலார் இருக்கிற வீட்டுல பகல்ல எண்ணக் கூடாது, வெளிய போற கரண்டுக்கும் அது மினுக்கும், அதனால ஏழு மணிக்கு மேல உக்காந்தோம். எல்லா சுவிட்சையும் அமத்தி ஒவ்வொன்னாப் போட்டுப் பாக்குறது, தம்பி மவன் செல்போன்ல நேரம் பாக்குறான், நான் எண்ணுறேன், தம்பி உள்ளேர்ந்து "போட்டாச்சு"ன்னு கத்துறான், அம்மா திண்ணையில உக்காந்துக்கிட்டு இவனுங்களுக்கு என்னாச்சுங்கிற மாதிரி பாக்குறாங்க.

முதல்ல ஃபிரிட்ஜ் பிளக்கையும் புடுங்கிட்டு, எதையுமே போடாம பாத்தோம். மினுக்கக் கூடாது. நிமிஷத்துக்கு ரெண்டு வாட்டி மினுக்குச்சு. வீடே இருட்டு, யாரு சாப்பிடுறாங்க இத? 37 வாட்டு, நாளைக்கு 0.9 யூனிட்டு, ரெண்டு மாசத்துக்கு 54. அரசாங்கம் இலவசமாக் குடுக்கிற நூறுல பாதிக்கு மேல ஒன்னுமே செய்யாத வீட்டுக்குப் போயிருது! தேடிப் பாத்தா செட்டாப் பாக்ஸ், வைஃபை பொட்டி, ஏசி ஸ்டெபிலைசர், அப்பறம் பேட்டரி ரொம்பின பின்னாடியும் சொட்டு சொட்டா இழுத்துக்கிட்டே இருக்கிற யூபிஎஸ். இது எதையும் நாங்க மெஷின்னே கணக்குல எடுத்ததில்ல.

அடுத்ததெல்லாம் கூட இப்படித்தான், நெனச்சது ஒன்னு இருந்தது ஒன்னு. எல்லாரும் பயப்படற மிக்சி, பின்னாடி 750 வாட்டுன்னு போட்டிருக்கு, நிமிஷத்துக்கு 28 மினுக்கு, 525 வாட்டு, ஆனா அது ஓடுறதே சட்னிக்கு ரெண்டு நிமிஷம், மாசக் கணக்குல பாத்தா ஒன்னுமே இல்ல. கிரைண்டர் 150 வாட்டு. மூலையில சத்தமில்லாம நிக்கிற பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் ஓடுறப்ப 7 மினுக்கு, 131 வாட்டுதான், ஆனா நாள் பூரா விட்டு விட்டு ஓடுதுல்ல, தோராயமா நாளைக்கு ஒன்னேகால் யூனிட்டு, மிக்சிய எங்கயோ தள்ளிட்டுப் போயிருது. 2011ல அரசு குடுத்த இலவச ஃபேன் ஒன்னு இன்னும் பின்கட்டுல ஓடிக்கிட்டு இருக்கு, சீலிங் ஃபேனுங்க எல்லாம் பதினஞ்சு வருசத்து சமாச்சாரம், ஒவ்வொன்னும் 75 வாட்டு. கீசர எண்ண முடியல, நாக்கு சுத்திருச்சு, வீடியோ எடுத்து மெதுவா ஓட்டித்தான் பாத்தோம். கடைசியா போர் மோட்டார், ஒரு ஹெச்பி. ஹெச்பின்னா 746 வாட்டுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சது, அது மோட்டார் தண்டுல வெளிய வர்ற பலம், உள்ள இழுக்கிறது வேற. 59 மினுக்கு. 1,100 வாட்டு. அதுவும் ஓட ஆரம்பிச்ச பின்னாடி. ஸ்டார்ட் ஆகுற அந்த ஒரு நொடி அஞ்சாறு மடங்கு இழுக்கும், அத மீட்டர் லைட்டு காட்டாது, வீட்டு லைட்டு ஒரு துடி துடிச்சு மங்குறதுல தெரியும்.

இங்கதான் நெறைய பேரு சறுக்குறது, நானும் சறுக்கினேன். கிலோவாட்டுங்கிறது பைப்போட தடிமன், யூனிட்டுங்கிறது தொட்டியில விழுந்த தண்ணி. மோட்டாருக்கு வேண்டியது தடிச்ச பைப்பு, ஆனா அரைமணி நேரம்தான், ஒரு நாளைக்கு அர யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலதான் ஆவுது. ஃபிரிட்ஜுக்கு மெல்லிசு பைப்பு போதும், ஆனா தெறந்தே கெடக்கணும். ஏசிக்கு ரெண்டும் வேணும். இத எல்லாத்தையும் கூட்டி "மூணு கிலோவாட்டு வீடு"ன்னா அதுல என்ன அர்த்தம் இருக்கு? பேட்டரி இல்லாத ஆன்கிரிட்டுக்கு இந்தத் தடிமன் கவலையே தேவையில்ல, ஈபி லைன் எவ்வளவு கேட்டாலும் குடுக்கும், நெட் மீட்டர்ங்கிறது பகல்ல பக்கத்து வீட்டுல சக்கரையக் குடுத்து வெச்சுட்டு ராத்திரி திருப்பி வாங்கிக்கிறதுதான். அதனாலதான் "சோலார் போட்டா பகல்லயே துணி தொவைங்க, பகல்லயே மாவாட்டுங்க"ன்னு சொல்றதுல எங்க வீட்டு பில்லுக்கு ஒரு பைசா வித்தியாசம் கெடையாது, எந்நேரம் வாங்கினாலும் அதே ஒரு டம்ளர் சக்கரதான். ஆனா பக்கத்து வீடு பூட்டியிருந்தா? அன்னிக்கு பூட்டித்தான் இருந்துச்சு. சொந்த டப்பாவுல எவ்வளவு சக்கர வேணும்னு யோசிக்கிறப்பதான் ஒவ்வொரு மினுக்கும் காசாவுது.

பணியாரக் கணக்கு

வெசாரிச்ச எடத்துல போட்ட கணக்கு நேர்மையான கணக்குதான், தப்பு சொல்ல மாட்டேன். மோட்டார ஸ்டார்ட் பண்ணணும்னா அஞ்சு கேவிஏ ஹைபிரிட், அதுக்கு அஞ்சு யூனிட்டு தேக்கி வெக்கிற லித்தியம் பேட்டரி, எல்லாஞ்சேத்து இன்னொரு ரெண்டு லட்சம். ஒரு வருசத்துல நாலஞ்சு நாளு, அதுவும் நாளைக்கு அரைமணி நேரம் ஓடுற மோட்டாருக்காக. கைய நீட்டி ஒத்துக்கப் போயிட்டேன், ஏன்னா அடிபம்பு நடை கண்ணுலயே நின்னுச்சு.

அம்மாகிட்ட உக்காந்து ஒன்னு ஒன்னா கேட்டேன், கரண்டு இல்லேன்னா எது இருந்தாகணும்னு. ஃபிரிட்ஜ்னு சொல்வாங்கன்னுதான் நெனச்சேன், நான் போட்ட பேட்டரிக் கணக்குல பெரிய துண்டு அதுதான். "ஃபிரிட்ஜ் நின்னா என்ன இப்ப, மாவு புளிச்சா பணியாரம் சுட்டுட்டுப் போறேன்"னாங்க. டிவி? வேண்டாம். கிரைண்டர்? ஆட்டுக்கல்லு கொல்லையில கெடக்கு, ஆனா ஆட்ட மாட்டேன், ரவா கிண்டிக்கலாம். ஏசி நீங்க வந்தாத்தான். ராத்திரி பசங்களுக்கு கொசுவுக்கு ஃபேன் வேணும், கூடத்துலயும் கொல்லையிலயும் லைட்டு வேணும், உனக்கு போன் பண்ண செல்லுல சார்ஜு வேணும், தண்ணி வேணும். "கரண்டு வேணாம்டா, தண்ணி வேணும்." இந்த வரியச் சொல்லிட்டு எந்திரிச்சு போயிட்டாங்க, மாட்டுக்கு வைக்க போடணுமாம்.

தண்ணி வேணும்னா தண்ணியச் சேத்து வெக்கலாமே, கரண்டச் சேத்து வெச்சு அதுலேர்ந்து மோட்டார ஓட்டி அதுலேர்ந்து தண்ணிய எடுப்பானேன். மாடியில இருந்தது ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் ஒன்னு. பக்கத்துல ரெண்டாயிரம் லிட்டர் தொட்டி இன்னொன்னு வெச்சோம், சுவத்துக்கு மேல பாரம் வர்ற மாதிரி கொத்தனார வெச்சு மேடை கட்டி. வீட்டுக்கு நாளைக்கு அறுநூறு லிட்டர் செலவாவுது, ஆக அஞ்சு நாளு, பாத்துப் பொழங்கினா ஒரு வாரத்துக்கு மேல. மழ அறிவிப்பு வந்தா தம்பி ரெண்டையும் ரொப்பிருவான். தேயாத, அஞ்சு வருசத்துக்கு ஒருவாட்டி மாத்த வேண்டாத, வெடிக்காத பேட்டரி. கஜா மாதிரி இருவது நாளுன்னா பத்தாது, அது எனக்கும் தெரியும், ஆனா இருவது நாளுக்குன்னு பேட்டரிய அளந்தா காட்ட வித்துத்தான் வாங்கணும்.

ஃபேனு லைட்டுக்கு வீட்டுல இருந்த பழைய யூபிஎஸ்தான், 12 வோல்ட்டு 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி. 12ஐயும் 150ஐயும் பெருக்கினா 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட்டு, பாதிக்கு மேல உறிஞ்சினா பேட்டரி சீக்கிரம் போயிரும், ஆக 900, அதுலயும் இன்வெர்ட்டர் கொஞ்சம் தின்னது போக கைக்கு ஒரு 750. மூணு பழைய ஃபேன் 225 வாட்டு, லைட்டுங்க ஒரு 40, மூணு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும், அன்னிக்கு ஒரு மணி வரைக்கும் இழுத்ததே பேட்டரிய சுரண்டி எடுத்துத்தான். இங்கயும் நான் இன்னொரு பேட்டரின்னுதான் ஆரம்பிச்சேன், தம்பி ஃபேன மாத்துவோம்னான். பிஎல்டிசி ஃபேனு ஒன்னு 30 வாட்டு, மூணு மாட்டினோம். அதே பேட்டரி இப்ப ஆறு மணி நேரத்துக்குப் பக்கம் ஓடுது. சோலார் பத்தி யார் என்கிட்ட கேட்டாலும் இப்ப இதத்தான் மொதல்ல சொல்றேன், பலகைய எண்றதுக்கு முன்னாடி ஃபேன எண்ணுங்கன்னு. கேக்கறவங்க மொகம் சுண்டிப் போவுது, அவங்க எதிர்பாக்கிறது ஒரு நம்பர்.

கடைசியா ஒரே ஒரு பலகை தனியா வாங்கி, ஆன்கிரிட்டோட சம்பந்தமே இல்லாம அந்த யூபிஎஸ் பேட்டரிக்கு கனெக்‌ஷன் குடுத்தோம். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, 540 வாட்டு பலகையோட வோல்ட்டு நாப்பதுக்கு மேல, பேட்டரி பன்னெண்டு, நடுவுல பேட்டரிக்கு சார்ஜ் போறதப் பாத்துக்கிற கண்ட்ரோலர்ல மலிவு விலை பிடபிள்யூஎம் ரகம் போட்டா பலகைய பேட்டரி வோல்ட்டுக்கே எறக்கி வெச்சுரும், முக்காவாசி வீணாப் போவும், எம்பிபிடி ரகம் போட்டாத்தான் அந்த வோல்ட்ட ஆம்பியரா மாத்திக் குடுக்கும். கடையில மொதல்ல எடுத்து வெச்சது பிடபிள்யூஎம்தான், தம்பி திருப்பிக் குடுத்துட்டு வந்தான். ஈபி இல்லாட்டியும் பகல்ல வெயிலு ஒரு அரைநாள் அடிச்சா பேட்டரி ரொம்பிரும். தொட்டி, ஃபேனு, பலகை, கண்ட்ரோலர், கொத்தனார் கூலி எல்லாஞ்சேத்து ரெண்டு லட்சத்துல நாலுல ஒரு பங்கு கூட ஆவல.

ஒத்த மரம்

இன்னொரு தப்பு அப்பறமாத்தான் தெரிஞ்சுச்சு. ஆப்ல அந்தப் பச்சக் கோடு அக்டோபர் நடுவுலேர்ந்து ரெண்டே முக்கா மணிக்கு திடீர்னு பள்ளத்துல விழுற மாதிரி எறங்கும், ஒரு முக்கா மணி நேரம் கழிச்சு திரும்ப எழும்பும். மேகம்னு நெனச்சேன், தெனமும் ஒரே நேரத்துக்கு ஒரு மேகம் வருமா? தென்மேக்கு மூலையில நிக்கிற தென்ன மரம். கம்பெனிப் பையன் எடம் பாக்க வந்தது மே மாசம், அப்ப நம்ம பக்கம் உச்சி வெயிலே தலைக்கு வடக்கால சாஞ்சிருக்கும், மரத்தோட நெழலு மாடிப்பக்கமே எட்டிப் பாக்கல, "நெழலே இல்ல சார் சூப்பர் மாடி"ன்னு எழுதிட்டுப் போயிட்டான். ஐப்பசி வந்தா சூரியன் தெக்க எறங்கிருது, சாயங்கால நெழலு நீண்டு வந்து ரெண்டு பலகை மேல படுக்குது. ஆறு பலகையும் ஒரே சரமா கோத்திருக்கிறதால ரெண்டு பலகை தூங்கினா கோடு மொத்தமா தள்ளாடும். மாடிய அளக்கிறவங்க டேப்ப மட்டும் கொண்டு வர்றாங்க, மார்கழியில நெழலு எங்க விழும்னு தெருவுல ஒரு கெழவியக் கேட்டா சொல்லியிருக்கும், வத்தல் காயப்போட எடம் பாக்குறவங்களுக்குத் தெரியாத நெழலா.

வெட்டிரலாம்னு தம்பி ஒருவாட்டி வாயத் தெறந்தான். எங்க கொல்லையில இருந்த பதினாலுல கஜாவுல பதிமூணு போச்சு, நின்னது அது ஒன்னுதான், தம்பி பொறந்த வருசம் அப்பா வெச்சது. அம்மா ஒன்னும் சொல்லல, அவன ஒரு பார்வ பாத்தாங்க, அவ்வளவுதான், அந்தப் பேச்ச அதோட விட்டாச்சு. யோசிச்சுப் பாத்தா அந்தக் கூடுதல் ஒரு கிலோவாட்ட மரந்தான் சாப்பிடுது, பில்லு இன்னமும் பூஜ்யத்துக்குப் பக்கத்துலதான் நிக்குது.

போன கார்த்திகையில ரெண்டு நாள் கரண்டு இல்ல. நான் போன் பண்ணினப்ப அம்மா பணியாரம் சுட்டுக்கிட்டு இருந்தாங்க, எண்ணெயில விழுற சத்தம் கேட்டுச்சு, தண்ணி இருக்கான்னேன், "இருக்கு இருக்கு, வெய்யி போன, கருகுது"ன்னுட்டாங்க. ஈபி வந்த அன்னிக்கு மத்தியானம் பழக்க தோஷத்துல ஆபீஸ்ல ஆப்ப தெறந்தேன். கோடு ஏறி நின்னுச்சு, ரெண்டே முக்காலுக்கு எறங்குச்சு. சரி, காத்து பலமா அடிச்சும் மரம் நிக்கிதுன்னு போன கவுத்து வெச்சேன்.